மினுக்கிய அச்சு

மினுங்குகிற இரும்பைக் கண்டால் எனக்குக் குமட்டும். கறல் பிடித்த இரும்பு அப்படியில்லை, அது தன் வயதை ஒளிப்பதில்லை. கிறீஸ் அப்பிய இரும்பைக்கூடத் தொடலாம், கழுவினால் உண்மை வெளியே வரும். ஆனால் தேய்த்து, மினுக்கி, முகம் பார்க்கலாம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஒருவன் நீட்டுகிற இரும்பை வாங்கும்போது என் கை கூசும். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பெருநாள் வந்தால், ஈரம் ஊறிப் பொருக்குப் பொருக்காக உதிர்கிற மதிலுக்கு மேலேயே பெயின்ற் அடித்துவிட்டு, மாஷா அல்லாஹ் என்று தள்ளி நின்று பார்க்கிற ஊர் இது.

என் பெயர் றிபாத். சவூதியில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையொன்றில் இரும்பு பார்க்கிற வேலை செய்தவன். இரும்பில் என்னத்தைப் பார்க்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று போய்விடும். இரும்புக்கும் களைப்பு உண்டு. அந்தக் களைப்பு அநேகமாகத் தோலில்தான் தொடங்கும், மயிரிழை போல ஒரு வெடிப்பாக. கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற நாளில் பார்ப்பதற்குப் பெரும்பாலும் ஆள் இருக்காது. பொருளை அறுக்காமல், உடைக்காமல் அந்த இழையைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அதற்கு மூன்று டின் போதும். முதல் டின்னால் அழுக்கைக் கழுவ வேண்டும். இரண்டாவது டின்னில் இருக்கிற சிவப்பு மையை அடித்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் மை அதற்குள் ஊறி இறங்கும். பிறகு மேலே இருக்கிற சிவப்பைத் துடைத்துவிட்டு மூன்றாவது டின்னில் இருக்கிற வெள்ளைத் தூளை அடித்தால், உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடு போடும். மற்றவர்கள் சவூதியிலிருந்து வரும்போது அத்தரும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். நான் இந்த டின்களைக் கப்பலில் போட்டு ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்த அன்று என் தங்கச்சி அஸீஸாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வந்த பிறகு குணமண்ணனின் கராஜில் சேர்ந்தேன். பாண்டிருப்புக்காரர், லேத்தில் கைதேர்ந்தவர். கராஜ் கல்முனைக்குப் போகிற பெருந்தெருவில் இருந்தது, நேர் எதிரே ஆமியின் காவலரண், சென்றி. கராஜுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு கழிவுநீர்க் கான் ஓடும். பழைய ஒயிலும் மீன் கழிவும் தேயிலைச் சக்கையும் அதில் ஒன்றாகக் கிடந்து நாறும். மூக்கைப் பொத்துகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அதன் ஓரத்திலேயே நின்று தேத்தண்ணி குடிப்பார்கள். சிவப்பு மை என் விரல்களில் போகாமல் நின்றதால் எனக்கு வெத்திலைத்துப்பி என்று பட்டம் வேறு வைத்திருந்தார்கள். வாழ்நாளில் வெற்றிலை தொடாதவன் நான்.

அந்தக் கராஜில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. ஒரு தடவை குணமண்ணன் ரெலிபோன் எடுக்கிற கொம்யூனிகேசன் கடையில் நின்று கொழும்பு உதிரிப்பாகக் கடையோடு கதைத்திருக்கிறார். "ஒண்டு வெடிச்சிட்டு, மற்றதும் நாளைக்கு வெடிக்கும், கெதியா அனுப்புங்க" என்று. அவர் சொன்னது எஞ்சின் மூடியை. பக்கத்தில் நின்றவன் கேட்டது வேறு. வெடி என்றால் சிங்களத்திலும் வெடிதான், துவக்குச் சூடு. அன்று பின்னேரமே ஆமிக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை, இன்றுவரை கேட்காது. அதற்குப் பிறகு கராஜில் டயர் வெடிக்கவில்லை, காற்றுப் போனது. சுவரில் வெடிப்பு இல்லை, கீறல். அவருடைய மனைவி மீனாம்பிகையக்காவின் குதிக்காலில்கூடக் கீறல்தான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கீறல் என்பது தோலுக்கு மேலே. பூனை பிறாண்டினால் கீறல். வெடிப்பு உள்ளே போகிறது. இரண்டையும் ஒரு பெயரால் கூப்பிட்டால், ஒரு நாளைக்கு யாராவது இரண்டையும் ஒன்றென்றே நம்பிவிடுவான். குணமண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு, "உனக்குக் காது ரெண்டும் இருக்கு தம்பி, அதால கதைக்கிறாய்" என்றார்.

நூஹு ஹாஜியாரின் பஸ் கராஜுக்கு வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு, வெள்ளாமை வெட்டி முடிந்த காலம். அதுவரை கல்முனைக்கும் அம்பாறைக்கும் ஓடிய பஸ், மாவடிப்பள்ளித் தெருவின் குழி ஒவ்வொன்றையும் முன் சில்லால் அளந்த பஸ். அதற்குப் பதுளை ஓட்டம் கிடைத்திருந்தது. மலைத் தெரு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஹாஜியார் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு முதல் ஓட்டம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பள்ளியில் துஆ ஓதி, கிழங்கு றொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புவதாக ஏற்பாடு.

அந்தப் பஸ்ஸின் சாரதி ஷரிபுதீன், அஸீஸாவின் மாப்பிள்ளை. நல்ல மனிதன், கை சுத்தமானவன், ஆனால் எவன் எதைச் சொன்னாலும் நம்புவான். பதுளை ஓட்டம் அவனுக்குக் கனவு. அம்பாறைக்குப் போய்வருகிறவனை ஊரில் டிறைவர் என்பார்கள், மலை ஏறுகிறவனை அண்ணன் முறை வைத்து டிறைவர் காக்கா என்பார்கள். முதல் ஓட்டத்தில் அஸீஸாவும் அவர்களின் மகள், என் மருமகள் றுக்ஸானாவும் முன் சீற்றில் உட்கார்ந்து போவதாக இருந்தது. பிள்ளைக்கு மலை காட்டவேண்டுமாம்.

குணமண்ணன் முன் சில்லுகளைக் கழற்றினார். சில்லு சுற்றுகிற குட்டையான இரும்பு அச்சு இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பஸ்ஸின் முன்பாரம் முழுவதும் அந்த இரண்டில்தான் நிற்கிறது. தடித்த பகுதி சட்டென்று மெலிந்து வளைகிற மூலை ஒன்று அதில் உண்டு. களைப்பு அங்கேதான் முதலில் குடியேறும். நான் கழுவி, சிவப்பு அடித்து, காத்திருந்து, துடைத்து, வெள்ளை அடித்தேன். வலது அச்சு சுத்தமாக நின்றது. இடது அச்சின் மூலையில் ஒரு சிவப்பு இழை தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடித்து, அச்சைப் பாதிக்கு மேல் சுற்றிக்கொண்டு போனது.

"குணமண்ணே, இது வெடி..."

குணமண்ணனின் உள்ளங்கை என் வாயில் வந்து அறைந்தது. கிறீஸும் புகையிலையும் கலந்த ஒரு சுவை என் நாக்கு வரைக்கும் போனது. எதிரே சென்றியில் நின்றவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"கீறல் எண்டு சொல்லு" என்றார் காதுக்குள்.

நான் துப்பினேன், பெயின்ற் கரைக்கிற தினரால் உதட்டைத் துடைத்தேன், பிறகும் அந்தச் சுவை போகவில்லை. "இத பஸ்ஸில பூட்டேலாது. புது அச்சு வேணும்" என்றேன். அவரும் ஓம் என்றார். இழையைப் பார்த்தவர் அவர், அவருக்கு விளங்கியது. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வெள்ளிக்கிழமை போய்விடும் என்பதால் அடுத்த நாளே நான் அக்கரைப்பற்றுப் பக்கம் பழைய வாகனம் உடைக்கிற இடங்களில் தேடுவதென்று முடிவானது. அந்த நேரம் ஷரிபுதீன் வந்தான். குணமண்ணன் அவனிடம், "இடப்பக்க அச்சில ஒரு கீறல் கிடக்கு. ஹாஜியாரிட்டச் சொல்லிவிடுங்க" என்றார். ஷரிபுதீன் தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

அன்று பகல் அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. அஸீஸா சூரை மீன் ஆணம் வைத்திருந்தாள். முன் சீற்றுக்கென்று தைத்த மெத்தை உறையைக் காட்டினாள், ஓரத்தில் சரிகை.

"வெள்ளிக்கிழமை பஸ் போகாது" என்றேன். "அச்சு சரியில்ல."

"அவரு சொன்னாரு, ஒரு கீறல்தானாமே."

"கீறல் இல்ல புள்ள. உள்ளுக்குப் போயிரிக்கி. மலையில வளைவெடுக்கக்க சில்லோட கழண்டு போகும். முன்னுக்கு இரிக்கிறது நீயும் புள்ளயும்."

அஸீஸா றுக்ஸானாவின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பேசாம சாப்பிடுங்க காக்கா. நீங்க எதிலயும் ஓட்ட பாக்கிற ஆள். கலியாணத்துக்குப் பாத்த பொண்ணுகள்லயும் இப்பிடித்தானே ஓட்ட கண்டுபிடிச்சீங்க."

அது உண்மைதான், அதனால் கோபம் இன்னும் கூடியது. கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அக்கரைப்பற்றில் வெயிலில் அலைந்து, கறல் குவியல்களைக் கிண்டி, அந்தப் பஸ்ஸுக்கு ஏற்ற அச்சு கிடைக்காமல் வெறுங்கையோடு வந்து இறங்கினேன். கராஜில் ஒரு சின்னக் கூட்டம். ஹாஜியார் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சேர்ட், அதற்கு மேலே அத்தர், அத்தருக்கு உள்ளே வியர்வை. குணமண்ணன் லேத்துக்குப் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஷரிபுதீன் ஒரு துணிப்பொட்டலத்தை அவிழ்த்து என்னிடம் நீட்டினான்.

"பாருங்க மச்சான். கீறல் போயிட்டு."

இடது அச்சு. அப்படி மினுங்கியது. கிறைண்டரைப் பிடித்துத் தேய்த்து, பிறகு உப்புத்தாள் போட்டு, பிறகு ஒயில் துணியால் மினுக்கியிருந்தான். அவனேதான். குணமண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஹாஜியார் சொன்னபடி. அவன் விரல் நுனிகள் தேய்ந்து சிவந்திருந்தன. தன்னைக் கொல்லப்போகிற ஒன்றைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அத்தனை பக்குவமாகத் தேய்த்திருக்கிறான். அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது.

"ஆரு உனக்கு இதத் தேய்க்கச் சொன்ன?"

"கீறல் எண்டா தேய்ச்சாப் போகும்தானே மச்சான்" என்றான் ஷரிபுதீன். அவன் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது, யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

ஹாஜியார் வாய் நிறைய வெற்றிலையோடு சொன்னார், "உங்கட மருந்த அடிச்சுப் பாருங்களன் தம்பி. கோடு வந்தா நான் பஸ்ஸ எடுக்கல்ல. வராட்டி வெள்ளிக்கிழம எடுக்கிறன். ஞாயம்தானே?"

நியாயம் போலத்தான் இருந்தது. அதுதான் அதில் இருந்த பொறி. இரும்பைக் கிறைண்டரால் தேய்த்தால் மேல்தோல் இளகி, வழிந்து, வெடிப்பின் வாயை மூடிக்கொள்ளும். உள்ளே பள்ளம் அப்படியே இருக்கும், வாய் மட்டும் இருக்காது. வாய் இல்லாவிட்டால் மை எப்படி இறங்கும். தடைபட்ட சொல்லைத் தொடாமல் இதைச் சொன்னேன். கூட்டத்தில் ஒருவன், "அப்ப உங்கட மருந்து வேல செய்யாதெண்டு முதலே சொல்லுறீங்க" என்றான். சிரித்தார்கள்.

கோபத்தில் அடித்தேன். கழுவினேன், சிவப்பு, காத்திருந்தேன், துடைத்தேன், வெள்ளை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அச்சு, இறந்தவரைச் சுற்றுகிற கபன் துணி மாதிரி வெள்ளையாக நின்றது. ஒரு புள்ளி இல்லை. அப்போது ஹாஜியார் இன்னும் கிட்டே குனிந்து, "எங்க தம்பி உங்கட..." என்று வாயைத் திறந்தார். வெற்றிலைச் சாறு ஒரு துளி வெள்ளைத் தூளில் பொட்டென்று விழுந்து பரவியது.

"அந்தா வந்திட்டு சிவப்பு" என்று யாரோ சொல்ல, கராஜே சிரித்தது. ஹாஜியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெருவிரலால் அதை வழித்து, கதிரையின் காலில் தடவினார். தடவிய விரலால் என் தோளைத் தட்டினார். "படைச்சவன்ட காவல் இரிக்கி தம்பி. பயப்படாதீங்க."

என் சேர்ட்டில் அவருடைய விரல் அடையாளம் செம்மண் நிறத்தில் நின்றது. எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஊரையே தினர் ஊற்றிக் கழுவ வேண்டும் போல இருந்தது. படைத்தவனின் காவலை நம்புகிறவன் ஒட்டகத்தையும் கட்டிப்போட வேண்டும் என்று ஓதிக்கொடுத்த மார்க்கம்தானே இது. அதையெல்லாம் எங்கே விட்டார்கள்.

ஷரிபுதீன் அச்சைத் துடைத்துப் பூட்டத் தயாரானான். நான் அவன் கையைப் பிடித்தேன். "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. நாளைக் காலம்பற மட்டும் தா. உண்ட புள்ளயக் கேக்கல்ல, இந்த அச்சத்தான் கேக்கிறன்." அவன் ஹாஜியாரைப் பார்த்தான். ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்து, "காலம்பற நானும் வாறன். அதோட சரி" என்றார். அவருக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

மூடிய வாயைத் திறக்கத் திராவகம் வேண்டும். நகைத் தெருவில் பத்தர் ஒருவரிடம் தங்கம் உரைத்துப் பார்க்கிற திராவகம் இருந்தது. என்னத்துக்கு என்று கேட்டார். "வாய மூடிக்கொண்டிருக்கிற ஒருத்தரக் கதைக்க வைக்க" என்றேன். அவர் பயந்துபோனார். இரும்பைத்தான் சொல்கிறேன் என்று விளக்கிய பிறகு ஒரு குப்பியில் கொஞ்சம் ஊற்றித் தந்தார்.

காலையில் ஹாஜியார் வந்தார், நேற்றைய கூட்டமும் வந்தது. வேடிக்கை என்றால் எங்கள் ஆட்களுக்குப் பசி தெரியாது. நான் அச்சை மேசையில் இறுக்கி, மூலையைச் சுற்றித் திராவகத்தைப் பஞ்சால் தடவினேன். மஞ்சள் புகை எழுந்தது. மூக்கைப் பிடுங்குகிற நாற்றம். எனக்கோ கானின் நாற்றத்தைவிட அது எவ்வளவோ மேல் என்று பட்டது. ஷரிபுதீன் பாடுபட்டு ஏற்றிய மினுக்கம் மங்கி, இரும்பு சாம்பல் நிறத்தில் தன் சொந்த முகத்தோடு நின்றது. கழுவிக் காயவைத்து, சிவப்பு அடித்தேன். இந்த முறை வழக்கத்தைவிடக் கூடக் காத்திருந்தேன். துடைத்தேன். வெள்ளை அடித்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. யாரோ தொண்டையைச் செருமினான். பிறகு மூலையில் ஒரு இழை. அது நீண்டது, தடித்தது, அச்சைச் சுற்றிப் போய், முதல் நாள் நான் கண்டதையும் தாண்டிப் போய் நின்றது. கூட்டத்தில் சிரிப்பு இல்லை. நான் ஹாஜியாரைப் பார்த்தேன்.

அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தார். "கீறல்தானே" என்றார். "வடிவாத் தேய்க்கல்ல போல. ஷரிபுதீன், இன்னொருக்காத் தேய்ச்சுப் பூட்டு."

ஷரிபுதீன் கிறைண்டரை எடுத்தான்.

செவிடன் காதில் சங்கு ஊதியும் பார்த்தாயிற்று, கண் இருப்பவனுக்குக் கோடு போட்டும் காட்டியாயிற்று. என் தங்கச்சியின் மாப்பிள்ளை கிறைண்டரின் வயரைப் பிளக்கில் செருகக் குனிகிறான். நாளைக்கு அஸீஸா சரிகை உறை போட்ட மெத்தையை முன் சீற்றில் விரிப்பாள். இந்த மனிதர்களையும், இவர்களின் வெள்ளைச் சேர்ட்டையும், துஆவையும் கிழங்கு றொட்டியையும் எல்லாவற்றையும் நான் வெறுத்தேன். அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

அப்போது குணமண்ணன் லேத்தை நிறுத்தினார். நடந்து வந்து ஷரிபுதீனின் கையிலிருந்து கிறைண்டரை வாங்கிக் கீழே வைத்தார்.

"அது கீறல் இல்ல மனே" என்றார். "வெடிப்பு."

ஷரிபுதீன் அவரை விளங்காமல் பார்த்தான்.

"வெடிச்சிருக்கு. இந்த அச்சு வெடிச்சிருக்கு. நான்தான் பயத்தில கீறல் எண்டு சொல்லிவிட்டன்."

ஒரு காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அவர் மெல்லத்தான் சொன்னதாக நினைத்திருப்பார். தெரு முழுக்கக் கேட்டது. எதிரே சென்றியில் நின்ற ஆமிக்காரன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து சுவரோடு ஒட்டியது. ஹாஜியார் கதிரைக்குப் பின்னால் போனார்.

"வெடி? கோ வெடி?" என்று கேட்டான் அவன். எங்கே வெடி என்று.

குணமண்ணன் அசையவில்லை. அச்சைக் காட்டி, "இஞ்ச, மாத்தயா. இதில" என்றார். நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் யகட பெலிலா, இரும்பு வெடித்திருக்கிறது என்றேன். அவன் குனிந்து சிவப்புக் கோட்டைப் பார்த்தான். வெளியே நிற்கிற பஸ்ஸைப் பார்த்தான். விரலால் கோட்டைத் தொட்டான். தொட்ட மை விரலில் ஒட்டியதும் முகத்தைச் சுளித்து அதைத் தன் காற்சட்டையில் துடைத்தான். பெலிலா, என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

ஷரிபுதீன் குணமண்ணனின் செத்த காதையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் காது எப்படிப் போனது என்பது கராஜில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கீறலுக்காக இந்த மனிதன் அந்தச் சொல்லை இந்தத் தெருவில் சொல்லமாட்டான் என்பது அவன் மண்டையில் ஏறுவதை நான் கண்ணால் கண்டேன். மையும் தூளும் திராவகமும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது.

அவன் மூலையில் கிடந்த பெரிய சுத்தியலை எடுத்து வந்தான்.

"டேய், எண்ட பொருள்" என்றார் ஹாஜியார் கதிரைக்குப் பின்னால் நின்று.

ஷரிபுதீன் ஓங்கி அச்சின் நுனியில் ஒன்று போட்டான். நல்ல அச்சென்றால் மணி போல ஒலித்துவிட்டுச் சும்மா இருக்கும். இது கொட்டாங்கச்சி உடைகிற சத்தத்தோடு மூலையில் முறிந்து கீழே விழுந்து உருண்டது.

குணமண்ணன் அந்தத் துண்டை எடுத்து, முறிந்த முகத்தை மேலே பிடித்துக் காட்டினார். முக்கால்வாசி கறுத்துப்போய், பழைய காயம் போல இருந்தது. அலை அடித்த மணலில் வரி விழுவது போல அதில் வரிவரியாகத் தெரிந்தது. அத்தனையும் மாவடிப்பள்ளித் தெருவின் குழிகள். அந்தக் கறுப்புக்கு மேலே நான் அடித்த மை ஊறி நின்றது. புதிதாக முறிந்த வெள்ளை இரும்பு ஓரத்தில் பிறை மாதிரி கொஞ்சம்தான் இருந்தது. அந்தப் பிறையில்தான் பஸ் நின்றிருக்கிறது. துண்டைத் திருப்பினால் வெளிப்பக்கத்தில், திராவகம் படாத இடத்தில், ஷரிபுதீன் ஏற்றிய மினுக்கம் இன்னும் பளபளத்தது.

"சுத்தியலால அடிச்சா எதுதான் உடையாது?" என்றார் ஹாஜியார்.

குணமண்ணன் பழைய இரும்புக் குவியலில் இருந்து கறல் பிடித்த அச்சொன்றை இழுத்து அவர் காலடியில் போட்டு, சுத்தியலின் பிடியை அவர் பக்கம் நீட்டினார். "அடிச்சுப் பாருங்க ஹாஜியார்." ஹாஜியார் வாங்கவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

ஷரிபுதீன் முறிந்த துண்டை வாங்கினான். கறுப்பையும் சிவப்பையும் பார்த்தான், பிறகு திருப்பித் தான் மினுக்கிய பக்கத்தைப் பார்த்தான். திரும்பவும் சிவப்பைப் பார்த்தான். "முன் சீற்றில" என்று மட்டும் சொன்னான். பிறகு துண்டை என் கையில் திணித்துவிட்டுக் கானோரம் ஓடி, முழங்காலில் விழுந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தான்.

நான் போய்ப் பக்கத்தில் குந்தி அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். கான் நாறியது, என் கை நனைந்தது. எனக்குக் குமட்டவில்லை.